புனையா ஓவியம்: பென்சில் முகச்சித்திரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் பதினெட்டு வருஷமாக, எதிரே வந்து உட்காருகிறவர்களைப் பென்சிலால் வரைந்து வருகிறேன். கல்யாண வீடு, திண்ணை, ரயில் பெட்டி, ஆஸ்பத்திரி வராந்தா என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆளும் மாறும். கேள்விகள் மட்டும் பெரும்பாலும் அவைதான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கையில் போன் இருக்கிறது, ஒரு நொடியில் படம் எடுத்துவிடலாம். பென்சிலால் வரைந்த முகம் எதற்கு?

போனைத் தூக்கியதும் நம் எல்லோருக்கும் ஒரு முகம் வந்துவிடுகிறது. உதடு விரியும், தாடை இறங்கும், கழுத்து விறைக்கும். பள்ளிக்கூடக் குரூப் போட்டோ காலத்திலிருந்து பழகிய முகம் அது. என் எதிரே உட்காருகிறவரும் முதலில் அதைத்தான் தருகிறார். ஆனால் அதை ஐந்து நிமிஷத்துக்கு மேல் யாராலும் தாங்கிப் பிடிக்க முடிவதில்லை. ஆறாவது ஏழாவது நிமிஷத்தில் தோள் இறங்கும். வாய் தன் இடத்துக்குத் திரும்பும். பார்வை என்னை விட்டு எங்கோ போய் நிற்கும். அதுவரை நான் தலையின் சாய்வு, காது, கழுத்து என்று சுற்றிக்கொண்டே இருப்பேன். அந்த முகம் வந்த பிறகுதான் வாயையும் கண்ணையும் தொடுவேன்.

தேங்காய் மண்டி வைத்திருந்த ஒரு பெரியவரை அவர் வீட்டிலேயே வரைந்தேன். வீட்டுச் சுவரில் அவர் படம் ஏழெட்டு இருந்தன, எல்லாவற்றிலும் ஒரே சிரிப்பு. நான் வரைந்ததை அவர் மனைவி வாங்கிப் பார்த்துவிட்டு, “கணக்கு எழுதுறப்ப இப்படித்தான் இருப்பாக” என்றார். அவர் அன்று கணக்கு எழுதவில்லை, சும்மாதான் உட்கார்ந்திருந்தார். ஆனால் அந்த அம்மா தினமும் பார்த்த முகம் அது. எந்தப் போட்டோவிலும் அது விழவில்லை.

நெடுநல்வாடையில், போர்ப் பாசறையில் இருக்கும் கணவனைப் பிரிந்து நகையெல்லாம் களைந்துவிட்டுக் கிடக்கும் அரசியைப் புலவர் ‘புனையா ஓவியம்’ போல இருந்தாள் என்கிறார். வண்ணம் ஏறாமல் கோட்டளவில் நிற்கிற படம் என்று பொருள். பென்சில் முகச்சித்திரத்துக்கு இதைவிட நல்ல பெயர் எனக்குத் தெரியாது.

எவ்வளவு நேரம் உட்கார வேண்டும்?

எனக்கு இருபதிலிருந்து நாற்பது நிமிஷம். பத்து நிமிஷத்தில் முடிந்த படங்களும் உண்டு, அவற்றில் சில எனக்கு மிகவும் பிடித்தவை.

பிரெஞ்சு ஓவியர் ஆங்கரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் ரோமில் இருந்தபோது, 1815-இல் நெப்போலியன் வீழ்ந்ததும், அவருக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த பிரெஞ்சு அதிகாரிகள் ஊரைக் காலி செய்துவிட்டார்கள். வயிற்றுப்பாட்டுக்கு, ரோமைச் சுற்றிப் பார்க்க வந்த ஆங்கிலேயர்களைப் பென்சிலால் வரைந்து கொடுத்தார். காலையில் ஒன்றரை மணி நேரம், மதியம் இரண்டரை மணி நேரம் என்று ஒரே நாளில் படம் முடிந்துவிடும் என்று அவருடைய மாணவர் ஒருவர் பதிவு செய்திருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் வரையப்படுகிறவரோடு உட்கார்ந்து சாப்பிடுவார். அந்தச் சாப்பாட்டு நேரத்தில்தான், ஆள் தன்னை மறந்து இயல்பாக இருக்கும்போதுதான், படத்தின் உயிர் தனக்குப் பிடிபடும் என்று ஆங்கர் சொல்வாராம். இந்தச் செய்தியை முதல்முறை படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. நான் ஏழாவது நிமிஷத்துக்குக் காத்திருக்கிறேன், அவர் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்.

அவரோ பெரிய சரித்திரக் காட்சிகளைத் தீட்டுவதுதான் தன் வேலை என்று நினைத்தவர். சின்னப் படங்கள் வரைகிற ஆள் வீடு இதுதானா என்று கதவைத் தட்டியவரிடம், இல்லை, இங்கே இருப்பவர் ஓவியர் என்று கோபமாகச் சொல்லி அனுப்பினார் என்று ஒரு கதை உண்டு. 1819-இல் அவர் வரைந்த வயலின் கலைஞர் பகானினியின் பென்சில் படத்தைப் பாருங்கள். கோட்டும் கையும் லேசான கோடுகளில் ஓடிப்போக, முகம் மட்டும் முழுதாகத் திரண்டு நிற்கும்.

அசையாமல் இருக்க வேண்டுமா? பேசலாமா?

தாராளமாகப் பேசலாம். வாயை வரையும் மூன்று நான்கு நிமிஷம் மட்டும் பேசாமல் இருக்கும்படி நான் கேட்டுக்கொள்வேன். மற்ற நேரத்தில் நீங்கள் பேசப் பேச எனக்கு வசதி.

யாரோ ஒருவர் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கூச்சமாக இருக்காதா?

இருக்கும். எனக்கும் இருக்கிறது. நம் ஊரில் ஒரு முகத்தை இருபது நிமிஷம் இமைக்காமல் பார்க்கிற உரிமை கைக்குழந்தைக்கு உண்டு, புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு உண்டு. வேறு யார் பார்த்தாலும் ‘என்ன முறைக்கிற’ என்றுதான் கேள்வி வரும். அதனால் கேட்காமல் யாரையும் நான் வரைவதில்லை. கூட்டத்தில் தூரத்து முகங்களை வரைந்து பழகியது உண்டு, அவற்றை யாருக்கும் காட்டுவதும் இல்லை, விற்பதும் இல்லை. பெண்களை வரையும்போது அவர்கள் விரும்புகிற யாராவது பக்கத்தில் இருக்கட்டும் என்பேன். நடுவில் எழுந்து வந்து படத்தைப் பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்தச் சொல்லலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பார்ப்பது ஒருவழியாக நடப்பதில்லை. நான் உங்கள் நெற்றியைப் பார்க்கும் அதே நேரம் நீங்கள் என் கையை, என் நரைத்த மீசையை, நான் பென்சிலை உருட்டுகிற விதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஐந்து நிமிஷத்துக்கு முன் பெயர்கூடத் தெரியாதவர்கள், யாரிடமும் சொல்லாத விஷயங்களை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவற்றை நான் எங்கும் எழுதியதில்லை.

போட்டோவைக் கொடுத்தால் வரைந்து தருவீர்களா?

உயிரோடு இருப்பவர் என்றால், ஆளைக் கூட்டிவாருங்கள் என்பதுதான் என் முதல் பதில். போட்டோவில் கேமரா எங்கே நின்றதோ அங்கே நானும் மாட்டிக்கொள்கிறேன். போனை மிகப் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தில் மூக்கு பெருத்து, காது பின்னுக்குப் போயிருக்கும். அதை அப்படியே பார்த்து வரைந்தால் தவறும் கூடவே வந்துவிடும்.

கட்டம் போட்டு, தோலின் துவாரம்கூட விடாமல் எழுபது எண்பது மணி நேரம் வரைகிறவர்களின் பொறுமைக்கு என் மரியாதை உண்டு. அது வேறு வேலை. அங்கே ஒரு படத்திலிருந்து இன்னொரு படம் பிறக்கிறது. எதிரே மூச்சு விடுகிற ஆள் இல்லை.

ஓவியர் டேவிட் ஹாக்னி, ஆங்கரின் படங்கள் இவ்வளவு துல்லியமாக இருப்பதற்குக் காரணம் கேமரா லூசிடா என்ற பட்டகக் கருவியாக இருக்கலாம் என்று வாதிட்டார். 1806-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற கருவி அது. முகத்தின் பிம்பம் தாளின் மேல் விழுந்ததுபோல் கண்ணுக்குத் தெரியும். எல்லோரும் அந்த வாதத்தை ஏற்கவில்லை. கருவி இருந்திருந்தாலும் எனக்கு ஒன்றும் குறையாது. சாப்பாட்டு மேசையில் கண்டுகொண்டதை எந்தப் பட்டகமும் தாளில் இறக்கித் தராது.

இறந்தவர்களுக்காகப் போட்டோ கொண்டுவந்தால் மறுப்பதில்லை. பெரும்பாலும் ஆதார் அட்டைப் படம்தான் வரும். அப்போது ஒரு மணி நேரமாவது வீட்டாரைப் பேசச் சொல்வேன். எப்படிச் சிரிப்பார், கோபம் வந்தால் எந்தப் புருவம் ஏறும், வெற்றிலை எந்தப் பக்கக் கன்னத்தில் அடங்கும், எல்லாம் கேட்பேன். ஒரு பெண் தன் அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது, தானறியாமல் அவரைப்போலவே தலையைச் சாய்த்துக் காட்டினாள். அந்தச் சாய்வைத்தான் வரைந்தேன். அட்டைப் படத்தில் அது இல்லை.

கொஞ்சம் வெளுப்பாகப் போடக் கூடாதா?

பத்து வீட்டுக்குப் போனால் பாதி வீட்டில் இதைக் கேட்டுவிடுகிறார்கள். பெண் பார்க்கும் வயதில் மகள் இருக்கிற வீடு என்றால் கட்டாயம் கேட்பார்கள். முடியாது என்றுதான் சொல்கிறேன். காரணத்தையும் உட்கார்ந்து சொல்கிறேன்.

பென்சிலில் நிறம் கிடையாது, வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் உண்டு. கறுத்த தோலில் வெளிச்சம் மிக அழகாக விழும். நெற்றி மேடு, மூக்குத் தண்டு, கன்ன எலும்பு, கீழுதட்டின் நடு, இந்த நான்கு இடத்திலும் பளிச்சென்று சின்னச் சின்னத் திட்டாக நிற்கும். தோலை வெளுத்துவிட்டால் அந்தத் திட்டுகள் மறைந்து முகம் தட்டையாகிவிடும். பல்லும் கண்ணின் வெள்ளையும் தனியாகத் தெரியாது. முகத்தை எடுத்துக் காட்டுகிற பொருளையே அழித்துவிட்டுப் பிறகு ஜாடை வரவில்லையே என்றால் எப்படி வரும்?

வரையப் பழகுகிறவர்களும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கோட்டை மட்டும் போட்டு நிறுத்தினால் முகம் பேப்பரின் வெள்ளையிலேயே நின்றுவிடுகிறது. அப்புறம் பயந்து பயந்து ஓரத்தில் மட்டும் நிழல் தேய்ப்பார்கள். நான் செய்வது வேறு. எச்பி பென்சிலைப் படுக்கவைத்து முகம் முழுக்க ஒரே சீராக நடுத்தரச் சாம்பல் பூசிவிடுவேன். பிறகு மாவுபோல் பிசையக்கூடிய மெத்தென்ற ரப்பரால் அந்த நான்கு வெளிச்சத்தை ஒற்றி எடுப்பேன். கடைசியாக அதைவிடக் கறுப்பான 4பி பென்சில் கொண்டு கண், மூக்குத் துவாரம், உதட்டின் நடுக்கோடு. இருட்டிலிருந்து முகம் மெல்ல முன்னால் வரும். ஒருமுறை செய்து பாருங்கள், மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இதைவிட நல்ல வழி இல்லை.

பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, “மாமா, நான் இருக்கிற மாதிரியே போடுங்க, அம்மா சொல்றதக் கேக்காதீங்க” என்று காதோடு சொன்னாள். அவளுக்கு வரைந்ததுபோல் கவனமாக நான் வேறு யாருக்கும் வரைந்ததில்லை.

ஜாடை எங்கே இருக்கிறது?

எல்லோரும் கண்ணில் என்பார்கள். என் அனுபவத்தில் அது இடைவெளிகளில் இருக்கிறது. புருவத்துக்கும் கண்ணுக்கும் எவ்வளவு தூரம், மூக்கு முடிகிற இடத்துக்கும் மேலுதட்டுக்கும் எவ்வளவு, தாடை எங்கே திரும்புகிறது. இவை சரியாக விழுந்தால் கண்ணுக்கு வெறும் புள்ளி வைத்தாலும் வீட்டார் கண்டுகொள்வார்கள். நடந்து வருகிற ஆளை முகம் தெரியாத தூரத்திலேயே இன்னார் என்று சொல்லிவிடுகிறோமே, அதுபோல.

கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஒரு அளவு: கண், தலையின் உயரத்தில் சரிபாதியில் இருக்கிறது. உச்சந்தலையிலிருந்து தாடை வரை அளந்து பாருங்கள். முக்கால்வாசிப் பேர் கண்ணை மேலே ஏற்றிவிட்டு நெற்றியைத் தொலைக்கிறார்கள். இரண்டு கண்ணுக்கும் நடுவே ஏறக்குறைய இன்னொரு கண் வைக்க இடம் இருக்கும். இந்த அளவுகளைத் தெரிந்துகொண்டு, எதிரே இருப்பவர் அவற்றிலிருந்து எவ்வளவு விலகுகிறார் என்று பார்க்க வேண்டும். அந்த விலகல்தான் அவர்.

கண்ணை முதலில் வரைவீர்களா, கடைசியிலா?

சிலை செய்கிற ஸ்தபதிகள் கண் திறப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார்கள். நான் கண்ணின் குழியை ஆரம்பத்திலேயே குறித்துவிடுவேன். விழியில் விழும் அந்த ஒரு பொட்டு வெளிச்சத்தை மட்டும் கடைசியில் எடுப்பேன்.

எந்தப் பென்சில், எந்தப் பேப்பர்?

அப்சரா, நடராஜ், கேம்லின், எது கிடைத்தாலும் போதும். எச்பி, 2பி, 4பி, 6பி என்று நான்கு இருந்தால் ஒரு முகத்துக்குத் தாராளம். பென்சில் சீவி வேண்டாம், பிளேடால் நீளமாகச் சீவிக்கொள்ளுங்கள். படுக்கவைத்து நிழல் பூச அந்த நீளம் தேவை. பேப்பர் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கட்டும். வழவழப்பான தாளில் கரி பிடிக்காமல் வழுக்கும். கீழே வைத்துக்கொள்ளப் பரீட்சை அட்டை போதும்.

எண்ணுக்கும் எழுத்துக்கும் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இங்கிலாந்தின் போரோடேல் பள்ளத்தாக்கில் 16ஆம் நூற்றாண்டில் கண்டெடுத்த சுத்தமான கிராஃபைட் கட்டியை அறுத்துத்தான் அந்தக் காலத்தில் பென்சில் செய்தார்கள். அதைக் காரீயத்தின் ஒரு வகை என்று நம்பினார்கள். நாம் இன்றும் ‘பென்சில் லெட்’ என்று சொல்வது அந்தப் பழைய நம்பிக்கையின் மிச்சம். உண்மையில் அது வெறும் கரிமம். பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போர் மூண்டபோது பிரான்சுக்குக் கட்டி கிடைக்காமல் போயிற்று. அப்போது நிக்கோலா-ஜாக் கோன்டே என்பவர் கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு பிசைந்து, குச்சியாக்கிச் சுட்டு எடுத்தார். 1795-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். களிமண் கூடினால் கெட்டி, குறைந்தால் மிருதுவும் கறுப்பும். இன்று கடையில் 2எச், 6பி என்று கேட்டு வாங்குவது அந்தக் கலவையின் அளவைத்தான். மண்பானைக்கும் பென்சிலுக்கும் சூளை பொது என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

பென்சிலை ரொம்ப அழுத்தினால் கிராஃபைட் மினுங்கும். எண்ணெய் தேய்த்துச் சீவிய தலைக்கு அந்த மினுக்கம் பொருந்திவிடுகிறது. முகத்தின் நிழலுக்குப் பொருந்தாது.

ரப்பர் பயன்படுத்தலாமா?

வெளிச்சம் எடுக்கப் பயன்படுத்துங்கள். தப்பை அழிக்க அவசரப்படாதீர்கள். தவறான கோடு நிற்கட்டும், சரியான கோடு எங்கே வர வேண்டும் என்று அதுதான் காட்டும். பென்சில் வருவதற்கு முன் வெள்ளிக் கம்பியால் வரைந்தவர்களுக்கு அழிக்கும் வசதியே கிடையாது. ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1484-இல், பதின்மூன்று வயதில், கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே அப்படி வரைந்தார். வியன்னாவில் இன்றும் இருக்கிறது. மாற்றிப் போட்ட கோடுகளும் அதில் தெரியும்.

நோயில் கிடப்பவரை வரையலாமா? அது சரியா?

இதற்கு ஒரே பதில் கிடையாது. அவர் சம்மதம் வேண்டும். அவருக்குச் சொல்லத் திராணி இல்லை என்றால் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவரின் சம்மதம் வேண்டும். வெளியாள் ஒருவர் போய் வரைவதைவிட, கூட இருப்பவர் வரைவது நல்லது என்பது என் எண்ணம்.

கவிஞர் ஜான் கீட்ஸ் ரோமில் காசநோயில் கிடந்தபோது கூட இருந்தவர் ஓவியர் ஜோசப் செவர்ன். 1821 ஜனவரி 28, விடியற்காலை மூன்று மணிக்கு, தலையணையில் சாய்ந்த கீட்ஸின் தலையை மையால் வரைந்தார். தான் தூங்கிவிடாமல் இருக்க வரைந்தது, இரவு முழுக்க அவருக்கு வேர்த்துக் கொட்டியது என்று அடியில் எழுதியிருக்கிறார். பிப்ரவரி 23-ஆம் தேதி கீட்ஸ் இறந்தார். அந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்குக் கவிஞர் தெரிவதில்லை. விளக்கை வைத்துக்கொண்டு தூக்கத்தோடு மல்லுக்கட்டுகிற நண்பன்தான் தெரிகிறான்.

ரொனால்ட் சேர்ல் என்ற ஆங்கிலேயர் 1942-இல் சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் கைதியானார். சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்கு அனுப்பப்பட்டார். அங்கே சக கைதிகளை வரைந்து, காலராவில் கிடந்தவர்களின் படுக்கைக்கு அடியில் தாள்களை ஒளித்துவைத்தார். ஏறக்குறைய 300 படங்கள் தப்பின, லண்டன் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதே பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம்மவர்கள் பல்லாயிரம் பேர் செத்தார்கள். அவர்களில் எத்தனை பேர் எதிரே யாராவது ஒரு பென்சிலோடு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

வரைந்தால் ஆயுசு குறையும் என்கிறார்களே?

சில பாட்டிமார் அப்படி நம்புகிறார்கள். நான் வாதாடுவதில்லை. வேண்டாம் என்றால் பென்சிலை உள்ளே வைத்துவிட்டுக் காபி குடித்துவிட்டு வருகிறேன்.

படம் எவ்வளவு காலம் நிற்கும்?

கிராஃபைட் வெயிலில் வெளுக்காது. கெடுவது தாள்தான். மலிவான தாளில் உள்ள அமிலம் அதை மஞ்சளாக்கி நொறுக்கும், அதனால் அமிலமில்லாத தாளாகக் கேட்டு வாங்குங்கள். கண்ணாடி படத்தில் ஒட்டாதபடி நடுவே அட்டை வைத்துச் சட்டம் போடச் சொல்லுங்கள். ஈரச் சுவரில் மாட்டாதீர்கள், பூஞ்சை வரும். இராமபாணப் பூச்சிக்கும் அங்கேதான் குடித்தனம். கரி கலையாமல் இருக்கத் தலைக்கு அடிக்கிற ஸ்பிரேயை அடிக்காதீர்கள், நாளடைவில் மஞ்சளாகும். ஓவியக் கடையில் அதற்கென்றே ஃபிக்ஸடிவ் விற்கிறது.

படத்தின் பின்னால் என்ன எழுத வேண்டும்?

தேதி, இடம், எவ்வளவு நேரம் உட்கார்ந்தார், அப்போது என்ன நடந்தது. இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1633-இல், தனக்கு நிச்சயமான பெண் சாஸ்கியாவை வெள்ளிக் கம்பியால் வரைந்தார். தொப்பியில் பூ, கையில் ஒரு பூ, கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு அவள் அவரைப் பார்க்கிறாள். ‘என் மனைவிக்கு 21 வயதாக இருந்தபோது, எங்களுக்கு நிச்சயமான மூன்றாம் நாள், ஜூன் 8’ என்று கீழே எழுதியிருக்கிறார். கல்யாணம் மறு வருஷம்தான் நடந்தது. டியூரர் 1514-இல் தன் அம்மாவைக் கரியால் வரைந்து, வயது 63 என்று எழுதினார். இரண்டு மாதத்தில் அம்மா இறந்ததும், அதே தாளில் அந்த நாளையும் சேர்த்து எழுதினார்.

என் அப்பத்தாவை நான் வரைந்தது ஒரே ஒரு முறை. தாளின் பின்னால் இப்படி இருக்கிறது: ‘2009, ஐப்பசி. அடைமழை. அடுப்படி வாசல். அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். பாதியில் கரண்ட் போய்விட்டது. “விளக்கு வரட்டும், அப்படியே இருக்கேன்” என்றார்.’